வீட்டருகே சிறு குன்று: ஏறும்போது சுகம், இறங்கும்போது முழங்கால் வலி. நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: சமையலறை_விளக்கு

வணக்கம். எனக்கு 54 வயது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறிய குன்றின் அடிவாரம் வந்துவிடும். இத்தனை ஆண்டுகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடந்த நான்கு வாரங்களாகத்தான் ஏறுகிறேன். வாரத்தில் ஐந்து நாள், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். கைப்பேசிக் கணக்குப்படி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 90 மீட்டர் உயரம். பாதையின் நீளம் 1.2 கிலோமீட்டர். ஏறுவதற்கு 25 நிமிடம் ஆகிறது. இறங்குவதற்கு 20 நிமிடம்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மண் தடம், சுமாரான ஏற்றம். அதன்பின் ஒரு வளைவு. அந்த வளைவில் எனக்குத் தினமும் மூச்சு முட்டுகிறது, நின்றுவிடுகிறேன். வளைவைத் தாண்டினால் ஐம்பது அறுபது அடி நீளத்துக்குச் சாய்ந்த வழுக்குப் பாறை. அதற்கு மேல் முட்புதர்கள், கடைசியில் தட்டையான ஒரு பாறை. அதில் உட்கார்ந்தால் எங்கள் வீட்டுச் சமையலறை விளக்கு தெரியும். கிளம்பும்போது அதை வேண்டுமென்றே எரியவிட்டு வருகிறேன். இருட்டில் அத்தனை விளக்குகளுக்கு நடுவே நம்முடையதை விரல் நீட்டிக் காட்ட முடிகிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஏறும்போது முழங்காலில் ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போது, குறிப்பாகப் பாறைப் பகுதியில், இரண்டு முழங்கால்களிலும் முன்பக்கம் சில்லைச் சுற்றி வலிக்கிறது. வலது காலில் கூடுதல். சமதளத்துக்கு வந்ததும் வலி போய்விடும். வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது லேசாக எட்டிப்பார்க்கும். வீக்கம் எதுவும் இல்லை.

எங்களுடன் இருக்கும் என் அண்ணன், "இந்த வயதில் குன்று ஏறி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே, தெருவில் நட, போதும்" என்கிறார். இவ்வளவு சின்னக் குன்று ஏறுவதால் உடம்புக்குப் பெரிய பலன் ஒன்றும் வந்துவிடாது என்பதும் அவர் கட்சி. ஏறுவதைவிட இறங்குவது எளிதாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் தலைகீழாக இருக்கிறது? நான் நிறுத்திவிட வேண்டுமா? எனக்கு நிறுத்த மனமில்லை.

இன்னொரு சந்தேகம், இது வெறும் ஆர்வத்தில் கேட்பது. சில நாட்களில் அடிவாரத்தில் விரல்கள் விறைக்கும் அளவுக்குக் குளிர்கிறது. பாதி ஏறியதும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. நடந்த சூடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் மேலே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் குளிரவில்லை. உயரம் போகப் போகக் குளிர வேண்டாமா?


பதில் 1: மேட்டுநிலம்

சகோதரி, நிறுத்தாதீர்கள். இறங்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

எனக்கு 67 வயது. என் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக ஏறி இறங்குகிறேன். அதுவும் உங்களுடையதைப் போலத்தான், பெயர் சொல்லும்படியான மலை இல்லை. முதல் ஆண்டில் நான் செய்த தவறைத்தான் நீங்களும் செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 90 மீட்டரை 25 நிமிடத்தில் ஏறி, 20 நிமிடத்தில் இறங்குகிறீர்கள். வழுக்குப் பாறை உள்ள பாதையில் இந்த இறக்கம் வேகம். ஏறி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. அதன்பின் கால் தன் போக்கில் இறங்குகிறது. நானும் அப்படித்தான் வேலைக்கு நேரமாகிறது என்று தடதடவென்று இறங்கினேன். எட்டாவது மாதத்தில் வலது முழங்கால் மடக்க முடியாமல் போய், ஆறு வாரம் வீட்டோடு கிடந்தேன். ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆறு வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கு அது வர வேண்டாம்.

ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டீர்கள். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும், ஆனால் மூட்டின் மேல் எடை மெதுவாக ஏறுகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வண்டிக்கு பிரேக் போல. ஒவ்வோர் அடியிலும் உடம்பு கீழ்நோக்கி விழுகிறது, அந்தத் தசை பிடித்து நிறுத்துகிறது. முழங்கால் மடங்கியிருக்கும் நிலையில் அது இழுக்கும்போது சில்லு எலும்பு தொடை எலும்போடு அழுத்தப்படுகிறது. வலி சில்லைச் சுற்றி வருவது அதனால்தான். மூச்சு வாங்காததால் இறக்கம் எளிது என்று நாம் ஏமாந்துபோகிறோம். புதிதாக ஏறத் தொடங்குபவர்களுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடை பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் இறங்கியதன் விளைவுதான். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: இந்த வேலையைத் தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். அளவாகப் பழக்கினால் அடுத்தடுத்த முறை அவ்வளவு பிடிக்காது.

நான் கற்றுக்கொண்டது இது. இறங்கும்போது அடியைப் பாதியாகக் குறையுங்கள். நீங்கள் இப்போது வைக்கும் ஓர் அடியின் தூரத்தில் இரண்டு அடி வைக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றாதீர்கள்; சற்றே தளர்வாக மடங்கியிருக்கட்டும். குதிகாலை மட்டும் குத்தி இறங்காமல் பாதம் முழுவதையும் வையுங்கள். பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கத் தோன்றும். அப்படிச் சாய்த்தால்தான் குதிகால் வழுக்கி உட்கார வைத்துவிடும். இடுப்பு பாதத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். பாறைச் சரிவில் நேராக இறங்காமல், காய்ந்து சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் மட்டும், குறுக்கே இடமும் வலமுமாக மாறி மாறி இறங்குங்கள். மாடுகள் மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை நேர்க்கோட்டில் வருவதில்லை.

ஒரு கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். இதை வயதின் அடையாளமாக நினைத்து நான் மூன்றாண்டுகள் தள்ளிப்போட்டேன், வீண் பிடிவாதம். சமதளத்தில் நின்று பிடித்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளம் ஏறுவதற்குப் போதும். இறங்குவதற்கு அதைவிட நாலு விரல் அளவுக்கு நீளமாக இருந்தால் குனியாமல் ஊன்றலாம். முதலில் தடி, அதன்பின் கால். தடி ஊன்றிய பிறகுதான் எடை இறங்க வேண்டும். முழங்காலுக்குப் போகும் சுமையில் ஒரு பங்கைக் கையும் தோளும் வாங்கிக்கொள்ளும்.

வளைவில் மூச்சு முட்டுகிறது என்றீர்களே, குற்றம் வளைவில் இல்லை, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது. மண் தடம் எளிதாக இருப்பதால் வீச்சாக நடந்து வருகிறீர்கள். ஏற்றத்தின் கடன் வளைவில் வந்து நிற்கிறது. நாளைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். அடிவாரத்திலிருந்து, ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேகத்தில் மட்டும் ஏறுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் நிற்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். வளைவை நிற்காமல் தாண்டுவீர்கள்.

அண்ணன் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு எழுதி வைத்தார். மலை நடையில் இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கிறார்கள். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை நிமிடம், ஒவ்வொரு பத்து மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஏறக்குறைய ஒரு நிமிடம். உங்கள் 1.2 கிலோமீட்டருக்கு 15 நிமிடம், 90 மீட்டருக்கு 9 நிமிடம், ஆக 24. நீங்கள் எடுத்துக்கொள்வது 25. மலையேறிகளின் கணக்கில் நடக்கிறீர்கள், சகோதரி! அதுவும் நான்கே வாரத்தில். எனவே இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

90 மீட்டர் சின்னது என்கிறார் உங்கள் அண்ணன். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் அது முப்பது மாடி. ஆண்டில் 300 நாள் ஏறினால் 27,000 மீட்டர். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர்; மூன்று எவரெஸ்ட் போக மிச்சம் இருக்கிறது. தூரத்துப் பெரிய மலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய்வருபவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்து நாலு நாள் நொண்டுவார்கள். வீட்டருகே இருப்பதால் நாளையும் போகலாம், நாளை மறுநாளும் போகலாம். இன்று முடியவில்லை என்றால் வளைவோடு திரும்பலாம். இந்த வசதி பெரிய மலையில் கிடையாது.


பதில் 2: இயன்முறை_மருத்துவர்

மேலே எழுதியவர் சொன்ன விளக்கம் சரி. நான் இருபது ஆண்டுகளாக மூட்டு வலிக்காரர்களைப் பார்க்கிறேன். சில்லைச் சுற்றி வலி, இறங்கும்போது மட்டும், வீக்கம் இல்லை என்ற உங்கள் வர்ணனை மிகவும் அடிக்கடி கேட்பது. ஆனாலும் நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்லமாட்டேன். முழங்கால் வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று விட்டுவிடுவதுபோல் இருந்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான வியர்வை எதுவாக இருந்தாலும் உடனே உதவி கேட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழித்தெழுந்த முதல் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே உயர்கிறது. ஏற்கெனவே அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் ஏறத் தொடங்குமுன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் ஒரு பயிற்சி. ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத படியில், சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது காலில் நில்லுங்கள். இடது குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு, மீண்டும் மேலே வாருங்கள். இறங்குவதற்கு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். எட்டு முறை செய்துவிட்டு அடுத்த கால். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள்: வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். பலருக்கும் அங்கேதான் குறை இருக்கும், இடுப்புப் பக்கத் தசை தளர்ந்திருப்பதால் முழங்கால் உள்ளே போகும். அது கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்க வேண்டும். இதைச் சரிசெய்தாலே இறக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்த கையோடு குப்புறக் குனிந்து காலணிக் கயிறு கட்டாதீர்கள். காலைப் படியில் தூக்கி வைத்துக் கட்டுங்கள். அடிவாரம் வரை நீங்கள் நடக்கும் பத்து நிமிடத்தை அவசரமில்லாமல் நடந்தால் அதுவே உடம்பைத் தயார்ப்படுத்திவிடும்.


பதில் 3: புல்நுனி

முழங்காலைப் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள். நான் இருட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுதுகிறேன்.

உங்கள் ஆர்வக் கேள்வி அருமையான கேள்வி. வழக்கமாக உயரம் போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி அளவில் குளிர்ச்சி கூடும் என்பது உண்மை. அந்தக் கணக்கில் 90 மீட்டருக்கு அரை டிகிரிதான், உடம்புக்குத் தெரியக்கூட தெரியாது. ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் கதை மாறிவிடுகிறது. நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல் வழிந்து அடிவாரத்தில் தேங்கி நிற்கிறது. நீங்கள் கிளம்பும்போது அந்தக் குளிர்க் குளத்துக்குள் இருக்கிறீர்கள். பாதி ஏறியதும் அதன் மேல்மட்டத்தைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறீர்கள். அப்படிப்பட்ட நாளில் கீழே யாராவது சருகு எரித்தால் பாருங்கள், புகை கொஞ்சம் உயர்ந்து, பிறகு மேலே போகாமல் தட்டையாகப் பரவி நிற்கும். அந்தத் தட்டுதான் எல்லை. தொலைவில் ஒருவர் வாளியைக் கீழே வைக்கும் சத்தம்கூட அந்த நாட்களில் பக்கத்தில் கேட்பதுபோல் வரும். மேலே சூடான காற்று இருப்பதால் ஒலி மேலே போய்விடாமல் வளைந்து கீழே திரும்புகிறது. வெயில் ஏறியதும் எல்லாம் கலைந்துவிடும். மேகமூட்டமான இரவுக்கு மறுநாள் போனால் இந்த வித்தியாசம் இருக்காது. ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள்.

அடுத்து இருட்டு. இங்கே எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு உண்டு. கும்மிருட்டில் கிளம்ப வேண்டாம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு டிகிரிக்கு வந்துவிட்டால் தரை கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சம் வந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அது சூரிய உதயத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம் முன்பு. வடக்கே தெற்கே போகப் போக இந்த நேரம் நீளும். உங்களுக்கு ஏற 25 நிமிடம். அந்த வெளிச்சம் வரும்போது அடிவாரத்தில் இருந்தால் போதும், உதயத்தை ஒட்டி உச்சிக்கு வந்துவிடலாம். சமையலறை விளக்கு அப்போதும் தெரியும் என்று நம்புகிறேன்.

இருட்டில்தான் போவேன் என்றால், விளக்கை நெற்றியில் கட்டாமல் இடுப்பு உயரத்தில் கையில் பிடியுங்கள். நெற்றி விளக்கின் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தெரியும். தாழ்வாகப் பிடித்தால் ஒவ்வொரு சரளைக்கல்லுக்கும் ஒரு நீண்ட நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். ஒளியைக் குறைத்து வையுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகிறது. ஒருமுறை பளீரென்று அடித்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

வழுக்குப் பாறை என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒருநாள் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் தடவிப் பாருங்கள். நான் என் பாதையில் அப்படிச் செய்தேன். வெளிறிய, சொரசொரப்பான பகுதி காய்ந்திருந்தால் காலணியைப் பிடித்துக்கொள்கிறது. கருத்த கோடுகள் இறங்குகின்றனவே, மழைநீர் வழிந்த தடம், அதில் மெல்லிய பாசிப் படலம் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெறும் கறைபோல்தான் தெரியும். பனி இறங்கியதும் சவ்வுபோல் ஆகிவிடுகிறது. விரலால் தேய்த்தால் கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கோட்டைக் கடக்கும்போது மட்டும் ஒரே எட்டில் தாண்டிவிடுங்கள், அதன் மேல் கால் வைத்து எடையைத் திருப்பாதீர்கள். பாறை மேல் சிதறிக் கிடக்கும் பொடிச் சரளையும் அப்படித்தான், காலடியில் உருண்டு இழுத்துக்கொண்டு போய்விடும். புல்லில் பனித்துளி நிற்கிறது என்றால் பாறையும் ஈரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது உங்கள் சந்தோஷத்துக்காக: 90 மீட்டர் உயரத்தில், கிழக்கே மறைப்பு இல்லாத சமவெளி என்றால், அடிவானம் சுமார் 34 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கீழே நிற்பவரைவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னதாகவே சூரியன் உங்களுக்கு உதிக்கும். நீங்கள் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தால், உங்கள் வீட்டுக்கு இன்னும் விடிந்திருக்காது.


கேட்டவரின் மறுமொழி: சமையலறை_விளக்கு

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மேட்டுநிலம் ஐயா, வளைவை நான்காம் நாள் நிற்காமல் தாண்டினேன். பேசுவதற்கு வேறு ஒன்றும் தோன்றாததால் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டில் வளைவு வந்தது, பதினாறெட்டில் பாறைக்கு வந்துவிட்டேன். நின்றதே நினைவில் இல்லை. ஏறுவதற்கு இப்போது 29 நிமிடம், இறங்குவதற்கு 30. இறங்குவதற்கு ஏறுவதைவிட அதிக நேரம் எடுப்பது முதல் சில நாள் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. இப்போது அந்த அரைமணிதான் பிடித்திருக்கிறது. வேகமாக இறங்கிய நாட்களில் பாதையோரம் இருந்த சிலந்தி வலைகளை நான் கண்டதே இல்லை. பனி தங்கிய வலையில் நடுவில் மட்டும் துளி இல்லாத ஒரு வட்டம், அதில் சிலந்தி. ஒரே புதரில் பதினொரு வலை எண்ணினேன்.

வலி முற்றிலும் போய்விடவில்லை. இடது காலில் இல்லை. வலது காலில் பாறைப் பகுதியின் கடைசிப் பத்தடியில் மட்டும் வருகிறது. மருத்துவர் அம்மா சொன்னபடி கண்ணாடி முன் நின்றேன். வலது முழங்கால் உள்ளே சாய்வது அப்பட்டமாகத் தெரிந்தது. 54 வருடம் என் கால் இப்படித்தான் நடந்திருக்கிறது! முதல் நாள் ஐந்து முறைக்குமேல் முடியவில்லை. இன்று எட்டு முறை, நேராக. மாடிப்படியில் இப்போது வலி இல்லை.

புல்நுனி அவர்களுக்கு: கருத்த கோட்டைத் தடவிப் பார்த்தேன். விரலில் நீங்கள் சொன்ன அதே நிறம். நான் தினமும் கால் வைத்து இறங்கியது சரியாக அதன் மேல். இருட்டில் கிளம்புவதையும் விட்டுவிட்டேன். குளிரைக் குறித்து வைத்தேன்: ஏழு நாளில் ஐந்து நாள் மேலே வெதுவெதுப்பு, மேகம் இருந்த இரண்டு நாள் ஒரு வித்தியாசமும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. நேற்று மேலே உட்கார்ந்து பார்க்கும்போது எங்கள் சமையலறை விளக்கு அணைந்திருந்தது. மின்சாரம் போயிற்றா என்றால் பக்கத்து வீடுகளில் எரிகிறது. மனம் பதறி, ஆனாலும் சின்ன அடியாகவே இறங்கி வந்தேன். அடிவாரத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார். "மூன்று எவரெஸ்ட் என்றாயே, எங்கே, காட்டு" என்றார். அவருக்கு 61 வயது, அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. நாளைக்கு வருகிறேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?


பதில்: மேட்டுநிலம்

அழைத்துப் போகலாம், ஆனால் நாளைக்கு வேண்டாம். முதலில் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை அடிவாரம் வரை நடந்து திரும்பட்டும்.

செருப்போடு பாறையில் ஏற்றவே வேண்டாம். அடிப்பகுதியில் ஆழமான வெட்டுகள் உள்ள காலணியாக, மாலையில் கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் வாங்கச் சொல்லுங்கள். நின்று பார்க்கும்போது விரல்நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கும்போது நகம் இடித்துக் கருத்துப்போகும். உச்சியில் ஒருமுறை கயிற்றை அவிழ்த்து, கணுக்காலருகே மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினால் பாதம் முன்னால் சரியாது.

முதல் வாரம் வளைவு வரை மட்டும் அழைத்துப் போங்கள். அவர் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால். உங்களுக்கு இப்போது பாதை பழகியிருக்கும். நீங்கள் முன்னால் போனால் அவர் விட்டுக்கொடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவார். அண்ணன்மார்கள் அப்படித்தான். வாய்ப்பாட்டை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் வலது காலுக்கு: அந்தக் கடைசிப் பத்தடிக்கு முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இறங்குங்கள். அதற்குள் தொடை களைத்திருக்கும்.